மணிக்கு அடங்காதவர்

ஜனவரி 6, செவ்வாய்

மின்வாரிய ஊழியர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு டைரி கொடுக்கும். ஆண்டுதோறும் செண்பகம் அதில் பால் கணக்கு எழுதுவாள். இந்த ஆண்டு பால்காரர் கைபேசிக்கு மாறிவிட்டதால் டைரி கேட்பாரற்றுக் கிடந்தது. எழுதுவோமே என்று எடுத்தேன்.

பெயர் சங்கரபாண்டியன். ஊர் கோவில்பட்டி. வயது ஐம்பத்து நான்கு. பகலில் மின்வாரிய அலுவலகத்தில், ‘கரண்டு எப்ப வரும்?’ என்று கேட்பவர்களுக்கு ‘வரும்’ என்று சொல்லும் உத்தியோகம். மாலையில் பட்டிமன்றப் பேச்சாளர். சாத்தூரில் ஒரு மன்றத்தார் ‘நகைச்சுவை நாவேந்தர்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டம் நோட்டீசில் இருக்கிறது. பொன்னாடை எங்கள் வீட்டு மிக்சிக்கு உறையாக இருக்கிறது.

என் பேச்சில் முக்கால்வாசி மனைவியைப் பற்றியது. அவள் வைக்கும் ரசம், அவள் வாங்கும் சேலை, அவள் தம்பி. உண்மையில் செண்பகம் ரசம் பிரமாதமாக வைப்பாள். இது வெளியே தெரிந்தால் என் மேடை வாழ்வு முடிந்தது. இதுவரை அவள் ஒரு பட்டிமன்றத்துக்கும் வந்ததில்லை. “வீட்டுலயே கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன், அங்க வேற வந்து கை தட்டணுமாக்கும்” என்பாள்.

தீபாவளியிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. பனிதான். சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் ஆயிற்று. தொண்டைக்குள் ஒரு நாட்டுமருந்துக் கடையே திறந்தாயிற்று, வியாபாரம்தான் இல்லை.

மாலையில் டீக்கடைக்குப் போனேன். டீ குடித்தேன். (இந்த டைரியைச் செண்பகம் படிக்கக்கூடும். டீ மட்டும்தான் குடித்தேன்.) ஏலக்காய் மென்றுகொண்டே வீடு வந்தேன்.

ஜனவரி 12, திங்கள்

புலவர் அரியநாயகம் போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் குழுவின் நிரந்தர நடுவர். ஓய்வுபெற்ற அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வெண்கல மேசை மணியையும் கூடவே கொண்டுவந்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த மணியை அடித்துத்தான் எங்களையெல்லாம் உட்கார வைப்பார்.

நம் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய் விழிப்புணர்வு நாளுக்குப் பட்டிமன்றமாம். தலைப்பு: புற்றுநோய்க்குப் பெரிதும் காரணம் பிறப்பா, பழக்கமா?

“தம்பி, நீ பழக்கமே அணி. பேராசிரியை தமயந்தி பிறப்பே அணி.”

“ஐயா, என்னைப் பிறப்புக்கு மாத்திருங்களேன்.”

“ஏன்ப்பா? பழக்கத்துல பேச நிறைய இருக்கே. பீடி, சிகரெட்டு, போயிலை...”

“எங்க மாமனார் வம்சத்தப் பத்தி நிறைய நகைச்சுவை கைவசம் இருக்குங்கய்யா.”

“சரி, மாத்திக்க. குரல் ஏன் இப்படிக் கரகரன்னு இருக்கு?”

“பனிங்கய்யா.”

“நல்லாத்தான் இருக்கு. கம்பீரமா இருக்கு. அப்படியே வச்சுக்க.”

தமயந்தி ஒத்துக்கொண்டாராம். அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு செயற்கை வாழ்வைச் சாடிப் பேசுவதில் வல்லவர். எந்த அணி கொடுத்தாலும் சாடுவார்.

ஜனவரி 16, வெள்ளி

எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கல் பட்டிமன்றம். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் இரண்டாகப் பிளந்து, ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் போயிற்று. மாமியார் குரலில் மிமிக்ரி செய்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டிற்று. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் இப்போது ‘மணிக்கு அடங்காதவர்’ என்று போடுகிறார்கள். முதல் மணி அடித்தால் ‘இப்பத்தானே ஆரம்பிச்சேன்’ என்பேன். இரண்டாவது மணிக்கு ‘ஐயா வீட்டுலயும் மணி அடிச்சுத்தான் சோறு கேப்பாரு’ என்பேன். மூன்றாவது மணிக்குக் கூட்டமே ‘பேசட்டும் பேசட்டும்’ என்று கத்தும். எனக்குப் பின்னால் பேச வேண்டியவர்களின் நேரம் காலி. கடைசியாகப் பேச வந்த பையன் இன்று வணக்கம் சொல்லிவிட்டு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நல்ல பையன்.

திரும்பும்போது மூன்று ஊர்க்காரர்கள் பங்குனிக்கும் சித்திரைக்கும் தேதி கேட்டார்கள். குரல் இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது என்றார்கள்.

ஜனவரி 21, புதன்

பேச்சாளர்கள் தப்பும் தவறுமாகப் பேசிவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் ரெஜினா. நாகர்கோவில்காரர். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் அல்ல. நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர்.

“என் பேஷண்டு எவனும் எங்கிட்ட எதுத்துப் பேச மாட்டான். அதனால நான் நிம்மதியா இருக்கேன்” என்றார். என் தொழிலுக்குப் போட்டியாக வந்துவிடுவார் போலிருந்தது.

நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துக் காட்டினேன். “ரவுடிச் செல்கள் உடலுக்குள் புகுந்து...”

“புகுந்துன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. அது வெளியூர் ஆள் கிடையாது. கிருமியும் கிடையாது. நம்ம செல்லுதான். நம்ம சோத்தத் தின்னு வளந்தது.”

“அப்ப உள்ளூர் ரவுடி.”

“அதுவும் இல்ல. ஒரு செல்லு ரெண்டாப் பிரியறது தப்பே இல்ல. அப்படிப் பிரிஞ்சுதான் உங்க தோலு, குடலு, ரத்தம் எல்லாம் புதுசாகுது. ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல வளரணும். அப்புறம் தனக்குள்ள இருக்க டி.என்.ஏ. முழுசையும் நகல் எடுக்கணும். எடுத்தது சரியான்னு பாக்கணும். அதுக்கப்புறந்தான் ரெண்டாப் பிரியணும். நடுநடுவுல நிறுத்திச் சோதிக்கிற இடம் இருக்கு. டி.என்.ஏ. அடிபட்டிருக்கா? நகல் முழுசா முடிஞ்சுதா? ரெண்டு பக்கமும் பங்கு சமமாப் போகுதா? சரியில்லன்னா, நில்லு. நின்னு ரிப்பேர் பாரு. ரிப்பேரே பாக்க முடியலன்னா அந்தச் செல்லு தன்னைத்தானே முடிச்சுக்கும்.”

“தற்கொலையா?”

“கௌரவமா விலகிக்கிறதுன்னு வச்சுக்கிடுங்க.”

“அந்தப் பழக்கம் நம்ம பக்கம் இல்லையே டாக்டரம்மா. சங்கத்துல தலைவர் இருபது வருசமா அவர்தான்.”

சிரித்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ‘ஓடு’ என்று சொல்கிற ஜீன்கள் இருக்கின்றன. ‘நில்’ என்று சொல்கிற ஜீன்களும் இருக்கின்றன. ஓடச் சொல்வது கெட்டுப்போனால் தேவையே இல்லாமல் ஓடு ஓடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நிற்கச் சொல்வதில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு பிரதிகள். பெரும்பாலும் இரண்டும் கெட்டால்தான் பிரேக் போகும்.

“சில பேருக்குப் பிறக்கும்போதே அதுல ஒண்ணு கெட்டு வந்திரும். அவங்களுக்கு இன்னும் ஒண்ணு கெட்டாப் போதும். அது உங்க பிறப்பு அணி. ஆனா அது கொஞ்சம் பேருதான். புகையிலை, வெயிலு, சில வைரசு இதெல்லாம் டி.என்.ஏ.வ அடிச்சு அடிச்சுக் கெடுக்கும். அதுல முக்கால்வாசி எதிரணி.”

“மீதி?”

“நகல் எடுக்கும்போது தானா விழற பிழை. எத்தன கோடித் தடவ எழுதுது, எழுத்துப்பிழை வராதா? அது ரெண்டு அணியிலயும் சேராது. மேடையில அதுக்கு ஒரு நாற்காலி தனியாப் போடச் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு, ஒரே ஒரு பிழையில புத்துநோய் வந்திராது. பல பிழை, பல வருசமா ஒரே செல்லோட வாரிசுகள்ல சேரணும்.”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பட்டிமன்றத்தில் நடுவர் அடிக்கிற மணியைப் பற்றியும், அதற்கு அடங்காத என் பெருமையைப் பற்றியும் சொன்னேன். இதைத்தான் மேடையில் உதாரணமாகச் சொல்லப் போகிறேன் என்றேன்.

அவர் யோசித்தார். “மணி அடிச்சப்புறம் நீங்க வேகமாப் பேசுவீங்களா?”

“சேச்சே. மெதுவாத்தான் பேசுவேன். முடிக்கத்தான் மாட்டேன்.”

“அப்ப உதாரணம் சரிதான். புத்துநோய்ச் செல்லுன்னா மின்னல் வேகத்துல பிரியும்னு நினைக்காங்க. பல நேரம் அதுல வேகமெல்லாம் ஒண்ணும் இல்ல. நிக்காது. அவ்வளவுதான். பக்கத்துல உள்ளவங்களோட இடமும் சாப்பாடும் அதுல போயிரும்.”

எட்டயபுரம் பக்கம் கடைசியாகப் பேச வந்த பையன் ஞாபகத்துக்கு வந்தான். சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது, “உங்க குரல் எவ்வளவு நாளா இப்படி?” என்றார்.

“பிறவியிலேயே. நான் பிறப்பு அணியாக்கும்.”

சிரிக்கவில்லை. “இ.என்.டி. டாக்டர் கீழதான் இருக்காரு. ஒரு தடவ காட்டிட்டுப் போங்க.”

“பங்குனி சித்திரை முடியட்டும் டாக்டரம்மா. சீசன்.”

நல்ல டாக்டர். நகைச்சுவை உணர்வு கடைசியில்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

டீக்கடைக்குப் போகவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

டீக்கடைக்குப் போனேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று ஆஸ்பத்திரிப் பட்டிமன்றம். பேச்சாளர்களின் குடும்பத்தாருக்கு முன்வரிசையில் இடம் என்று அழைப்பிதழ் வந்ததால் செண்பகம் வந்துவிட்டாள். பட்டுச்சேலை. நான் இருபத்தாறு வருடமாக மேடையில் கிழித்த அதே பட்டுச்சேலை ரகம். அவள் முன்னால் உட்கார்ந்திருக்க, ரசத்தைப் பற்றிப் பேசவே நாக்கு எழவில்லை. ஆகவே செல்லைப் பற்றிப் பேசினேன்.

“அந்தச் செல்லும் என்னை மாதிரிதாங்க. நடுவர் மணி அடிப்பாரு. எனக்கில்லை, பக்கத்துச் செல்லுக்கு அடிக்காருன்னு நினைச்சுக்கிட்டு அது பாட்டுக்குப் பிரியும்” என்றேன். நல்ல சிரிப்பு. புலவர் மணியை அடித்தார். இன்னும் பெரிய சிரிப்பு. “பாத்தீகளா, இப்பக்கூட நான்...” என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. வாய் திறக்கிறது, காற்று வருகிறது, சத்தம் இல்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தேன். மைக் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அடங்காதவர் அடங்கிக் காட்டுகிறார், நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று புலவரே சொல்லிவிட்டார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரெஜினா. இன்னொருத்தி பட்டுச்சேலை.

தீர்ப்பு வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் வந்தது. பிறப்பும் காரணம், பழக்கமும் காரணம், எழுத்துப்பிழையும் காரணம், ஆனால் நம் கையில் இருப்பது பழக்கம் ஒன்றுதான் என்று முடித்தார் புலவர். நன்றியுரையில் ரெஜினா, கட்டி, ஆறாத புண், காரணமில்லாமல் எடை குறைவது என்று எதையெதையோ சொல்லிவிட்டு, “மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியிருந்தா பனின்னு சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, வந்து காட்டுங்க” என்றார். பொதுவாகத்தான் சொன்னார். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் செண்பகம் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பும்போது கேட்டாள்.

“தீவாளியிலருந்து இன்னைக்கு வரைக்கும் எத்தன மூணு வாரம் ஆகுது?”

எனக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. “நான் கணக்குல வீக்கு, தெரியும்ல.”

“நான் வீக்கு இல்ல. நாளைக்கு லீவு போடுங்க.”

பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டேன். “செல்லப் பத்திப் பேசுனது நல்லாருந்துச்சு. எங்க அப்பாவப் பத்திப் பேசாம இருந்ததும் நல்லாருந்துச்சு” என்றாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒரு நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். இன்று போயே தீர வேண்டியதாயிற்று. இ.என்.டி. டாக்டர் சின்னப் பையன்.

“சிகரெட் உண்டா சார்?”

“எப்பவாவது.”

செண்பகம் கைப்பையை மூடினாள். “எழுதிக்கிடுங்க டாக்டர். ஆபீசுக்குப் போற வழியில. டீ நேரத்துல. சாப்பிட்டதும். திரும்பி வரும்போது ஒண்ணு. கலியாண வீட்டுக்குப் போனா கணக்கே கிடையாது. மேடைக்குப் பின்னால என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது.”

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டேன். அதில் நாலு ஏலக்காய் இருந்தது. இத்தனை வருடம் அது யாருக்காக மெல்லப்பட்டது என்று புரியவில்லை.

மூக்கு வழியாக ஒரு கேமராக் குழாயை விட்டு, என் தொண்டையை எனக்கே டிவியில் காட்டினார். ஊரைச் சிரிக்க வைக்கிற இடம் இத்தனூண்டுதான் என்பது இன்றுதான் தெரிந்தது. இரண்டு குரல் நாண்கள். வலப்பக்கம் பளபளவென்று இருக்கிறது. இடப்பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு.

“திருநெல்வேலியில போயி கொஞ்சம் சதை எடுத்துப் பாத்திருவோம் சார்.”

“என்னவா இருக்கும்?”

“பாத்திருவோம் சார்.”

மின்வாரியத்தில் நாங்கள் ‘வரும்’ என்று சொல்கிற அதே ராகம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

திருநெல்வேலி. மயக்க மருந்து கொடுத்துச் சதை எடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கிசுகிசுப்பதும் கூடாதாம். அப்படியென்றால் நான் என்னதான் செய்வது?

பிப்ரவரி 13, வெள்ளி

எதிர்வீட்டுக் கோமதி அக்கா, “என்ன, அண்ணாச்சி சத்தத்தையே காணும்?” என்று கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்து, செண்பகம் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்: கழுகுமலை முருகனுக்கு மௌன விரதம்.

வினை அங்கே ஆரம்பித்தது. மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. அடுத்து பூ வந்தது. கோமதி அக்கா மருமகளைக் கூட்டிவந்து என்னைப் பார்க்க நிற்க வைத்தார். அலுவலகத்திலிருந்து பால்ச்சாமி வந்து, “அண்ணாச்சி, புரமோஷன் இந்த வருசமாச்சும் வருமா?” என்று கேட்டான். எனக்கென்ன தெரியும் என்று கையைத் தூக்கினேன். அபயம் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போய்விட்டான்.

பேச்சாளர்கள் மத்தியில் இந்த விரதத்துக்குப் பெரும் வரவேற்பு என்று கேள்வி. “அது அவர் வேண்டுதல் இல்லை, நாங்க எல்லாரும் சேர்ந்து வேண்டினது” என்று தமயந்தி சொன்னாராம். நல்ல வரி. குரல் வந்ததும் நான் எடுத்துக்கொள்வேன்.

சமையலறையில் செண்பகம் தனியாக இருக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே நிற்கிறாள். தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல நினைத்தேன். எழுதிக் காட்டுகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

புற்றுநோய்தான்.

திருநெல்வேலியில் தந்த தகட்டைச் செண்பகம் கேட்டு வாங்கி, நேராக ரெஜினாவிடம் கொண்டு போய் வைத்தாள். “நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குப் புரியும்” என்றாள். ரெஜினா பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. மறுபக்கம் என்னை உட்காரச் சொன்னார்.

“பயமா இருந்தா பாக்க வேண்டாம்.”

பார்த்தேன். ஊதாவும் ரோஸ் நிறமுமாக, பொங்கலுக்குப் போட்ட கோலத்தில் மாடு நடந்தது போல இருந்தது. ஒரு பக்கம் செல்கள் வரிசையாக, ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் வரிசையே கிடையாது. பெரிதும் சிறிதுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி.

“உள்ள ஒரு முள்ளு தெரியுதுல்ல, அதோட நுனியில காட்டுறேன் பாருங்க. இது பிரிஞ்சுக்கிட்டு இருக்க செல்லு. பிரியறது தப்பில்ல, ஆனா இந்த மேல்வரிசையில அது பிரியவே கூடாது. இந்தா இது, ரெண்டாப் பிரியறதுக்குப் பதிலா மூணாப் பிரியப் பாக்குது.”

ஐம்பத்து நான்கு வருடமாக என்னோடு இருக்கிற ஆட்கள். இப்போதுதான் முகம் பார்க்கிறேன்.

செண்பகம் கேட்டாள்: “எவ்வளவு தூரம் போயிருக்கு?”

“இடது குரல் நாணோட நிக்குது. வெளிய எங்கயும் போகல. குரல் நாண்ல வந்தா ஒரு நல்லது, சின்னதா இருக்கும்போதே தொண்டை கட்டிக் காட்டிக் கொடுத்திரும். வேற இடமா இருந்தா இந்நேரம் தெரிஞ்சே இருக்காது. கதிர்வீச்சு கொடுத்தாப் பெரும்பாலும் குணமாயிரும்.”

“கதிர்வீச்சு நல்ல செல்லையும் சுடாதா?”

“சுடும். எல்லாச் செல்லோட டி.என்.ஏ.வும் அடிபடும். நிக்கத் தெரிஞ்ச செல்லு நின்னு, ரிப்பேர் பாத்துட்டு, அப்புறம் பிரியும். நிக்கத் தெரியாதது உடைஞ்ச சாமானோட அப்படியே பிரியப் போயி, பெரும்பாலும் அதுலயே செத்துரும். அதோட கெட்ட குணத்த வச்சுத்தான் அதை அடிக்கிறோம்.”

செண்பகம் தலையாட்டினாள். ஒரு மேடையில்கூட ஏறாதவள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் விடவில்லை.

நான் ஒரு தாளில் எழுதி ரெஜினாவிடம் நீட்டினேன்: ‘பங்குனி, சித்திரை முடிந்து ஆரம்பிக்கலாமா?’ அவர் படித்துவிட்டுச் செண்பகத்திடம் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

“இவுக எழுதுனத நான் படிக்கல டாக்டர். நீங்களும் படிக்கலன்னு வச்சுக்கிடுங்க. எப்ப ஆரம்பிக்கணும்?”

“சீக்கிரமே.”

பேச அனுமதி வந்து இரண்டு நாள் ஆகியும் நான் பேசியிருக்கவில்லை. அப்போதுதான் பேசினேன். “குரல் வருமா?”

“குரல் வரும் அண்ணாச்சி. பழைய குரலே வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் என் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் போன் செய்தாள். பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. விரதம் நீள்கிறது என்று சொல்வாள் என்று நினைத்தேன். தொண்டையில் புற்றுநோய், மருத்துவம் பார்க்கிறோம் என்று பச்சையாகச் சொன்னாள். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, “பிறப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிகரெட்டுத்தான்” என்றாள்.

மாலையில் வாழைப்பழம் வருவது நின்றது. ஹார்லிக்ஸ் வர ஆரம்பித்தது.

மார்ச் 3, செவ்வாய்

திங்கள் முதல் வெள்ளி வரை திருநெல்வேலி பஸ். முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து ஒரு வலைமூடி செய்திருக்கிறார்கள். படுக்க வைத்து, அதை முகத்தில் கவிழ்த்து, மேசையோடு சேர்த்து மாட்டிவிடுகிறார்கள். அசையக் கூடாது. வலி இல்லை. மேடையில் என்னை அப்படி மாட்டி வைக்க ஆசைப்பட்டவர்கள் பலர் உண்டு.

பஸ்ஸில் செண்பகம் எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஜன்னல் ஓரத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

மார்ச் 20, வெள்ளி

எச்சில் விழுங்குவதே பெரிய வேலை. கஞ்சி. மோர். கஞ்சி. கழுத்துத் தோல் கறுத்துவிட்டது. குரல் சுத்தமாக இல்லை. இது எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். டீக்கடையைக் கடந்துதான் பஸ் போகிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன். நான் தூங்குகிறேன் என்று செண்பகம் நினைக்கிறாள், அல்லது அப்படி நடிக்கிறாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

கதிர்வீச்சு போன வாரம் முடிந்தது. இன்று சித்திரை ஒன்று. கோயில் பக்கம் பட்டிமன்றம். ஒலிபெருக்கியில் வீடு வரை கேட்கிறது. என் இடத்தில் யாரோ ஒரு புது ஆள். என் ரசம் நகைச்சுவையை அப்படியே எடுத்து விடுகிறார்.

செண்பகம் புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். பாதியில் கையை உதறிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“நீங்க சொன்னா எனக்குக் கோவம் வராது. இவன் யாரு என் ரசத்தப் பத்திப் பேச?”

மே 18, திங்கள்

மறுபடியும் கேமராக் குழாய். திட்டு இருந்த இடம் சுத்தமாக இருக்கிறது. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், சில வருடங்களுக்கு. சின்னப் பையன் டாக்டர் எழுந்து கை கொடுத்தார். ரெஜினாவைப் பார்க்க மாடிக்குப் போனோம். வேறு யாருடைய தகட்டிலோ குனிந்திருந்தார். தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டோம்.

குரல் வந்திருக்கிறது. மெலிந்து, காற்றோடு, பஞ்சரான சைக்கிள் ட்யூப் மாதிரி. அலுவலகத்தில் புதுக் குரலில் ‘வரும்’ என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பழைய குரலிலும் நம்பியதில்லை.

அலுவலகம் தவிர, வெளியாட்களிடம் பேசுவதில்லை. தலையை ஆட்டுகிறேன். போன் வந்தால் எடுப்பதில்லை. தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்பதால்தான்.

ஜூன் 7, ஞாயிறு

செண்பகம் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, நிற்கவில்லை. “கை ஈரமா இருக்கு, எடுங்க” என்றாள். எடுத்தேன்.

விளாத்திகுளம் மன்றச் செயலாளர் பேச்சிமுத்து. பதினைந்து வருடப் பழக்கம்.

“அலோ, சங்கரபாண்டி அண்ணாச்சி இருக்காகளா?”

“சொல்லுங்க.”

“நீங்க யாரு, அண்ணாச்சி தம்பியா? அண்ணாச்சிட்டக் குடுங்களேன்.”

“அவரு வெளிய போயிருக்காரு.”

“எப்ப வருவாக?”

“தெரியல.”

கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்டது. செண்பகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“பேச்சிமுத்து அண்ணாச்சி, நான் செண்பகம் பேசுதேன். இப்பப் பேசுனது அவுகதான்... ஆமா, அவுகளேதான். வெளியவும் போகல, எங்கயும் போகல, எம் முன்னாலதான் உக்காந்திருக்காக. குரலு இனிமே இதான். ரெண்டு தடவ கேட்டாப் பழகிரும், எனக்குப் பழகிருச்சு. நீங்க தேதியச் சொல்லுங்க.”

பேச்சிமுத்து தேதி சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் போனைப் பொத்திக்கொண்டு, “வாயத் திறந்து சொல்லுங்க” என்றாள்.

“வாரேன்” என்றேன். பேச்சிமுத்துவுக்குக் கேட்டதா தெரியாது. அவளுக்குக் கேட்டது.

ஆடி இரண்டாம் ஞாயிறு, விளாத்திகுளம். தலைப்பு இன்னும் முடிவாகவில்லையாம். மைக் நல்லதாக வைக்க வேண்டும் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். அது மட்டும் முடிவாகிவிட்டது.